சின்னக் கணவாயின் புள்ளிக்கோடு

மார்ச் 6

என் மலைக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே என் கழுத்தைத் தவிர எல்லோரும் சுகம். மூன்று வாரமாக மேசைமேல் கவிழ்ந்தே கிடக்கிறேன். நிமிர்ந்து உட்காருங்கள் என்கிறார் மருத்துவர். வரைபடத்தைக் கூரையில் ஒட்டிவைத்தால் நிமிர்ந்து வரைகிறேன் என்றேன். சிரிக்கவே இல்லை, அந்த மனிதர்.

போன கடிதத்துக்கு நீ பதில் போட இரண்டு மாதம் ஆயிற்று. பனிக்காலத்தில் மேலே தபால் ஏறாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு மாதம் கழித்து வருகிற கடிதத்திலும் நாலே வரி என்றால் எப்படி? கணவாய்க் காவல் குடிசையில் உனக்கு அப்படி என்ன வேலை தலைக்குமேல்? பாதை அடைத்திருக்கும்போது சாலைக் கதவைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மலை மறுபடியும் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வரைந்த அதே தாள்தான். அப்போது அது அலுவலக அலமாரிக்குள் மட்டும் இருந்தது. இப்போது சட்டைப்பையில் மடித்துவைக்கிற அளவுக்குச் சுருக்கி, மலையேற வருகிறவர்களுக்காகக் கடைகளில் போடப் போகிறார்கள். எங்கள் பிரிவுத் தலைவரைத்தான் உனக்குத் தெரியுமே, யார் எதை வரைந்தாலும் அழிக்கச் சொல்வார், நாங்கள் 'ரப்பர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் சின்னக் கணவாய் மேல் விரலை வைத்து, "இந்தப் புள்ளிக்கோடு யார் நடந்தது?" என்று கேட்டார். "என் தம்பி, சார்" என்றேன். அப்போது என் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நடைபாதைக்குப் புள்ளிக்கோடு போட வேண்டுமென்றால், அந்த வழியை ஒருவர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தன் காலால் நடந்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தது செல்லாது. பிறர் சொல்லக் கேட்டது செல்லாது. நடந்தவர் நடைக்குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சின்னக் கணவாய்க்கு நேரே கையெழுத்து இல்லை. அன்று அளவைக்கு வந்தவர் உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டார். நீதான் தனியாகப் போய்வந்தாய். விவரத்தை எனக்குக் கடிதமாக எழுதினாய். நான் அதைப் பார்த்து வரைந்தேன். என் தம்பி ஆயிற்றே என்று யாரும் அப்போது கையெழுத்துக் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். ஒரு வரி போதும். 'மேற்கே ஏறி, சின்னக் கணவாயைத் தாண்டி, கிழக்கே ஏரிக்கரைவரை இறங்கினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கூடவே நாலு வரி எனக்கும் எழுது.

குளிருக்கு அந்தப் பழைய கம்பளிச் சட்டையையே போட்டுக்கொண்டிருக்காதே.

உன் அக்கா


மார்ச் 23

அன்பு அக்கா,

உன் கடிதம் பனி தள்ளும் வண்டிக்காரரோடு நேற்று வந்துசேர்ந்தது. மனிதர் அதை உள்சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பிரிக்கும்போது சூடாக இருந்தது. இந்த மலையில் நான்கு மாதத்தில் சூடாக என் கைக்கு வந்த முதல் பொருள் அதுதான்.

எனக்கு வேலை இல்லை என்று எழுதியிருக்கிறாய். காலையில் எழுந்ததும் குடிசை வாசலைத் தோண்டி எடுக்க வேண்டும். அப்புறம் கம்பத்தில் பனியின் உயரம் பார்த்துக் குறிக்க வேண்டும். கூரையைத் தள்ளிவிட்டு இறங்கினால் வாசல் மறுபடியும் மூடியிருக்கும். இப்படி ஒரு மனிதனை இயற்கை கேலி செய்து நீ பார்த்திருக்கமாட்டாய்.

சன்னலைத் திறந்தால் முகடு முழுவதும் தெரிகிறது. நேர் மேலே பெரிய கணவாய், இரண்டு சிகரங்களுக்கு நடுவே அகலமாகக் கிடக்கிறது. சாலை அதில்தான் ஏறி மறைகிறது. அதற்கு வடக்கே ஒரு மைல் தொலைவில் உன் சின்னக் கணவாய், முகட்டில் யாரோ ஒரு வாய் கடித்துவைத்த மாதிரி. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க இரண்டுமே சாதுவாகத்தான் தெரிகின்றன. போன வாரம் இரண்டுக்கும் நடுவே உள்ள சரிவிலிருந்து பனி பெயர்ந்து கீழே வந்தது. அரை நாள் முழுக்கக் காதுக்குள் அந்தச் சத்தம் போகவில்லை.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சும்மா மருத்துவரைத் திட்டிக்கொண்டிராதே. அண்டை வீட்டு அக்காவின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதா? ரப்பரை நான் கேட்டதாகச் சொல்.

வண்டிக்காரர் அவசரப்படுகிறார். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உறையைக் கவிழ்த்து உதறியும் பார்த்தேன். பனி இருக்கிறது, கூரை இருக்கிறது, அண்டை வீட்டுப் பெண்ணின் வேலைகூட இருக்கிறது. நான் கேட்ட ஒரு வரியைத்தான் காணோம். மறந்துவிட்டாயா, என்னை வம்புக்கு இழுக்கிறாயா?

ரப்பர் தினமும் என் மேசைப் பக்கம் வந்து தொண்டையைச் செருமுகிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கிழக்குச் சரிவில் ஓர் இடத்தில் உயரக் கோடுகள் கொஞ்சம் நெருக்கம். அந்தப் பக்கத்தை யாரும் போய் அளக்கவில்லை, ஏரிக்கரையில் நின்று தூரத்திலிருந்து கணக்கிட்டதுதான். கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பாய். "இவ்வளவு நெருக்கத்தில் மனுஷன் எப்படிம்மா இறங்கினான்?" என்று கேட்கிறார். "அவன் இறங்கினான் சார், அதுவும் ரெண்டு மணி நேரத்துல" என்றேன். நீ அன்று எழுதியது அப்படித்தான்: புல் சரிவு, பிறகு ஓடையின் இடக்கரையோடு இறக்கம், இரண்டு மணி நேரம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் நான் அந்தத் தாளை எடுத்துப்போய் அவர் கட்டிலில் விரித்துக் காட்டினேன். "உங்க பிள்ளை தனியா நடந்த வழிப்பா இது" என்றேன். உன்னை வாய் நிறையத் தொடைநடுங்கி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அல்லவா, "அவனா?" என்று கேட்டார். "அவன்தான்." மறுபடியும் "அவனா?" என்றார். பிறகு அந்தப் புள்ளிகள்மேல் விரலை வைத்து ஏரிவரை கொண்டுபோனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் சோம்பல்படாதே. ஒரே ஒரு வரி. நடந்தாயா, இறங்கினாயா, ஏரிவரை போனாயா? போனேன் என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

அப்பாவிடம் காட்டியதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம். அல்லது இப்போதும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆறு வருடமாக இல்லாத சந்தேகம் உன் ரப்பருக்கு இப்போது ஏன் வந்தது? அன்று நான் சொன்னபோது எல்லோருக்கும் இனித்தது. அந்த வேலையை வைத்துத்தான் எனக்கு இங்கே நிரந்தரக் காவல் உத்தியோகம் போட்டார்கள். பேருந்து ஓட்டும் டிரைவர் அண்ணன் ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி, பயணிகளிடம் என்னைக் காட்டி, "சின்னக் கணவாயை ஒத்தையா தாண்டினவர் இவர்தாங்க" என்று சொல்கிறார். நான் சொல்லச் சொல்லவில்லை. அவராகவே சொல்கிறார்.

கேட்டுக் கேட்டு மனிதனைக் கூண்டில் ஏற்றுகிறாய். தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மேற்கே ஏறினேன், தாண்டினேன், கிழக்கே ஏரிவரை இறங்கினேன். போதுமா?

இனி இதைப் பற்றிக் கேட்காதே. எனக்கு உடம்பு அவ்வளவாகச் சரியில்லை.

தம்பி


மே 3

கோபக்காரத் தம்பிக்கு,

கையெழுத்து வந்தது. நன்றி சொன்னால் அதற்கும் கோபித்துக்கொள்வாய்.

உன்னை நோகடித்துவிட்டேன். நான் சந்தேகப்படவில்லை, தம்பி. சின்ன வயதிலிருந்து உன் பக்கம் பேசிப் பேசியே எனக்கு வாய் பழகிவிட்டது. இப்போதும் உனக்காகத்தான் ரப்பரிடம் மல்லுக்கு நின்றேன். தாளை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அச்சுக்கு அனுப்பியாயிற்று. "உங்க தம்பி பெரிய ஆளும்மா" என்று அவர் வாயிலிருந்தே வந்தது. இருபது வருடத்தில் அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அன்றுதான்.

உடம்புக்கு என்ன? சளியா, மூச்சு வாங்குகிறதா? மறைக்காமல் எழுது. பாதை திறந்ததும் நான்கு நாள் லீவு எடுத்துக் கீழே வந்து இரு. உனக்கென்று ஒரு அறை அப்படியே கிடக்கிறது.

அக்கா


ஜூலை 1

அன்பு அக்கா,

பாதை திறந்து ஆறு வாரம் ஆகிறது. லீவு போட முடியவில்லை. தினமும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

நேற்று ஓர் இளைஞர் கூட்டம் வந்து குடிசைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது. ஒருவன் பையிலிருந்து உன் தாளை எடுத்து விரித்தான். நான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். அச்சு நன்றாக இருக்கிறது. முகட்டுக்குப் பழுப்பு நிறம், பனியாற்றுக்கு நீலம், கற்சரிவுக்குச் சின்னச் சின்னப் பொட்டு. சின்னக் கணவாய் வழியாகச் சிவப்பில் புள்ளிக்கோடு. பழைய தாளில் அது கறுப்பாக இருந்ததல்லவா? சிவப்பு ரொம்பத் தூக்கலாகத் தெரிகிறது.

அக்கா, அந்தக் கோட்டை எடுத்துவிட முடியுமா? கிழக்கே மேல்சரிவில் கல் பெயர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். பனிக்காலம் கடுமையாக இருந்ததல்லவா. முன்பு மாதிரி இருக்காது. நீ சொன்னால் ரப்பர் கேட்பார்.

கழுத்து எப்படி இருக்கிறது?

தம்பி


ஜூலை 12

தம்பி,

என்ன விளையாட்டு இது? ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கடைக்குப் போய்விட்டது. எடுத்துவிடு என்றால் ரப்பர் வைத்து ஒவ்வொரு தாளாக அழிக்கவா?

கல் உண்மையிலேயே பெயர்ந்திருந்தால் அறிக்கை அனுப்பு. எந்தத் தேதியில் பார்த்தாய், எந்த இடத்தில், எத்தனை அடி அகலம் என்று எழுது. கடைகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டச் சொல்லி அனுப்பலாம், அதற்கு வழி இருக்கிறது. 'நினைக்கிறேன்' என்று எழுதினால் யாரும் சீண்டமாட்டார்கள். உனக்கு அது ஒரு காலைப்பொழுது நடை, போய்ப் பார்த்துவிட்டு எழுது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 29

தம்பி,

ஜூலையில் கேட்டதற்கு நீ பதில் போடவில்லை. இன்று காலை அலுவலகத்துக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒரு நர்ஸும் அவள் தங்கையும் சின்னக் கணவாய்க்குக் கிழக்கே செத்துக் கிடந்தார்களாம். அக்காளுக்கு முப்பத்தொன்று, தங்கைக்கு இருபத்தி மூன்று. தங்கையின் பையில் எங்கள் தாள் இருந்திருக்கிறது, மடித்தபடி, அந்த இடம் மேலே தெரிகிறபடி.

மேல்சரிவு முடிகிற இடத்தில் பாறைச்சுவர் இருக்கிறது என்கிறார்கள். இருநூறு அடிக்குக் குறையாத சுவர். அதில் எந்தக் காலத்திலும் வழி இருந்திருக்க முடியாது என்கிறார்கள். கல் பெயரவில்லை, தம்பி. ஓடை அந்தச் சுவருக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறதாம். நீ எந்த ஓடையின் இடக்கரையில் இறங்கினாய்?

எனக்கு நீ கதை எழுத வேண்டாம். பனி வேண்டாம், கூரை வேண்டாம். நடந்ததை மட்டும் எழுது.

அக்கா


செப்டம்பர் 7

அக்கா,

நான் இறங்கவில்லை.

இதை எழுத எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று காலையில் மேற்குச் சரிவில் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தது. கணவாய்மேல் போய் நின்றேன். அந்தப் பக்கம் புல் சரிவு. ஐம்பது அறுபது அடி தூரத்துக்குத் தொட்டில் மாதிரி இதமாகத்தான் போயிற்று. அதற்கப்பால் மூடுபனி. கால் எடுத்து வைக்கப் போனேன், வைக்க முடியவில்லை. அப்பா வைத்த பெயர் பொய் இல்லை, அக்கா. ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, அவ்வளவு நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்த வழியே இறங்கி, பெரிய கணவாய்ச் சாலையில் போய்ச் சேர்ந்துகொண்டு, கிழக்கிலிருந்து வருகிறவன் மாதிரி குடிசைக்கு வந்தேன். ஓடையின் கீழ்ப்பகுதியை ஏரிக்கரையிலிருந்து எல்லோரும் பார்க்கலாம். அதை வைத்து எழுதினேன்.

உடனே சொல்லியிருப்பேன். ஆனால் உன்னிடமிருந்து அடுத்த தபாலிலேயே பதில் வந்தது. 'என் தம்பி என்னைத் தலைநிமிர வைத்துவிட்டான்' என்று எழுதியிருந்தாய். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

இப்போது அந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் பேருந்தில் வந்தார்கள். பெரிய கணவாயில் அன்று காலையிலிருந்து கல் விழுந்துகொண்டிருந்தது. நான் சாலைக் கதவைப் போட்டுவிட்டேன். பயணிகள் எல்லோரும் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். அக்காளுக்கு மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் முறை, போயே ஆக வேண்டும் என்றாள். தங்கை தாளை விரித்து, "அக்கா, இங்க பாரு, இன்னொரு வழி இருக்கு. ரெண்டு மணி நேரந்தான் போட்டிருக்கு" என்றாள். டிரைவர் அண்ணன் உடனே, "அட, அதை நடந்தவரே இங்கதான்மா நிக்குறாரு! அவரையே கேளுங்க" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படிண்ணா இருக்கும் வழி?" என்று கேட்டாள், அந்த நர்ஸ்.

"இன்னைக்கு வேணாம்மா. புல்லு ஈரமா இருக்கு" என்றேன்.

"மெதுவா போய்க்குறோம்ணா. நீங்க ஒத்தையா போனீங்க, நாங்க ரெண்டு பேர் இருக்கோமே" என்று சிரித்தாள்.

நான் போகவில்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. பேருந்து ஆட்கள் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் குப்பியில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். "பாத்து போங்கம்மா" என்றேன். அவர்கள் சரிவில் ஏறி, முகட்டில் இரண்டு பொட்டாகத் தெரிந்து, அந்தப் பக்கம் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த பேருந்து வரும்வரைகூட நேரம் இருந்தது, ஓடிப்போய்க் கூப்பிட. ஓடவில்லை.

மூன்றாம் நாள் தேடப்போன ஆட்களோடு என்னையும் அழைத்துப்போனார்கள், வழி தெரிந்தவன் என்று. ஏரிப் பக்கமிருந்து ஏறினோம். அந்தச் சுவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். தங்கையின் கையை அக்காள் பிடித்திருந்தாள். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. மழையில் வழி தவறியிருப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், நீ என் அக்கா என்பதால். படித்ததும் இதை எரித்துவிடு. உன்னைக் கேட்டால், தம்பி எழுதியதைப் பார்த்து வரைந்தேன், மற்றது தெரியாது என்று சொல். அது உண்மைதானே. இந்த வேலையும் போனால் நான் எங்கே போவேன்? மலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. மலையையும் தெரியாது என்று இப்போது தெரிந்துவிட்டது.

என்னைக் கைவிட்டுவிடாதே, அக்கா.

உன் தம்பி


செப்டம்பர் 24

தம்பி,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் நான்கு நாள் வைத்திருந்தேன். அந்த நான்கு நாளும் நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், ரப்பரிடம் பேசினேன். எப்படி முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. உனக்கு ஆறு வருடம் எப்படி முடிந்தது என்று அப்போது கொஞ்சம் புரிந்தது.

அது மட்டுமல்ல. நான் மற்றது தெரியாது என்று சொல்லவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். கிழக்குச் சரிவின் கோடுகள் 'கொஞ்சம்' நெருக்கம் என்று உனக்கு எழுதினேன். கொஞ்சம் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வரையும்போது அந்த இடத்தில் ஒன்பது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, பேனா முனை நுழையாது. உன் புள்ளிகளைப் போட இடமே இல்லை. அதனால் கோடுகளை நான் விலக்கி வரைந்தேன். ஒவ்வொன்றையும் ஒரு மயிரிழை. என் தம்பி இறங்கியிருக்கிறான், அப்படியென்றால் இவ்வளவு செங்குத்தாக இருக்காது, தூரத்திலிருந்து அளந்தவர்கள்தான் தப்பாக அளந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிவை நான் சாய்த்தேன், தம்பி. உன் வாய் வார்த்தையை ஒருவர் நம்பாமல் போயிருக்கலாம். என் கோட்டை எல்லோரும் நம்பினார்கள். இதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேசையை விட்டு என்னை எழுப்பிவிட்டார்கள். ரப்பர் என் பேனாக்களைத் துடைத்து ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பெண்களின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. இரண்டு கட்டில், ஒன்றின்மேல் நர்ஸ் உடுப்பு இஸ்திரி போட்டு மடித்து இருந்தது. நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மா என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்தார்கள். "அந்த வழியில யாராவது ஒருத்தராவது போயிருக்காங்களாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "ஒருத்தர்கூடவா?" என்றார்கள். "ஒருத்தர்கூட இல்லைம்மா." அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

'என்னைக் கைவிட்டுவிடாதே' என்று எழுதியிருக்கிறாய். நீ நடைவண்டி ஓட்டிய நாளிலிருந்து கையைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். அப்பா உன்னைத் திட்டும்போதெல்லாம் நடுவில் விழுந்து, அவன் பயப்படமாட்டான், அவன் பயப்படமாட்டான் என்று சொல்லிச் சொல்லி, பயமாக இருக்கிறது என்று நீ என்னிடம்கூடச் சொல்ல முடியாமல் ஆக்கிவிட்டேன். அந்தப் பாவம் எனக்கு. ஆனால் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாயே, தம்பி. அதை நான் என்ன செய்வேன்? சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் குப்பிதான் கண்முன் நிற்கிறது. உன்மேல் எனக்கு இருக்கிற பாசம் எங்கேயும் போகவில்லை, அதனால்தான் உன் கையெழுத்தைப் பார்க்க எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருக்கிறது.

கடைகளிலிருந்து தாளைத் திரும்ப வாங்குகிறார்கள். ஏற்கெனவே வாங்கிப்போனவர்கள் கையில் இருப்பதை எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. நடைக்குறிப்பேட்டில் உன் பதிவைத் திருத்த வேண்டும். அதற்கு நீ எதுவரை நடந்தாய், எங்கே நின்றாய் என்று உன் கையால் எழுதி அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் என்னைக் கடைசியாகச் செய்ய விட்டிருக்கிற வேலை அது. அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே, நலம்கூடக் கேட்காதே. நானும் இனி எழுதமாட்டேன்.

அக்கா


அக்டோபர் 5

வரைபட அலுவலகம், நடைபாதைப் பிரிவுக்கு.

பொருள்: சின்னக் கணவாய், நடைக்குறிப்புத் திருத்தம்.

கேட்டபடி, நான் நடந்த தூரத்தை மட்டும் எழுதுகிறேன். சரியாக எழுத வேண்டும் என்பதற்காக நேற்று மறுபடியும் ஏறிக் காலடிகளை எண்ணினேன்.

காவல் குடிசையிலிருந்து மேற்குச் சரிவின் அடிவாரம்வரை ஆயிரத்து நூற்று நாற்பது அடி. அங்கிருந்து கற்சரிவின் வலப்பக்கமாகக் கணவாய் உச்சிவரை ஏற்றம், ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும். இந்தப் பகுதியில் ஆபத்து இல்லை. உச்சியில் கிழக்கு நோக்கிப் பதினேழு அடி நடந்தால் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பாறை இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் அந்தப் பாறைவரைதான் போனேன். நேற்றும் அதுவரைதான் போனேன்.

பாறையருகே நின்று பார்த்தால் எதிரே புல் சரிவு மட்டும்தான் தெரிகிறது. நேற்று மூடுபனி இல்லை, வெயில் நன்றாக இருந்தது. அப்படியும் கீழே பாறைச்சுவர் இருப்பது தெரியவில்லை. புதிதாக வருகிற யாருக்கும் தெரியாது.

அந்தப் பாறைக்கு அப்பால் நான் ஓர் அடிகூட வைத்ததில்லை. வைத்ததாக முன்பு எழுதியது பொய். போகாமல் நின்றதற்குக் காரணம் பனியோ, மழையோ, உடல்நலக் குறைவோ அல்ல. எனக்குப் பயமாக இருந்தது.

கணவாய்க் காவலர்